என் கோட் பார்த்த ஊர்கள்

என்னிடம் ஒரு கோட் இருக்கிறது. கரும்பச்சை நிறம், முழங்கால்வரை நீளம், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. அது சுவிட்சர்லாந்து போயிருக்கிறது. கொரியா போயிருக்கிறது. ஜப்பானுக்கு இரண்டு முறை போய் வந்துவிட்டது. அதை வாங்கிய நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜோகூரைத் தாண்டினால் திருச்சி, திருச்சியை விட்டால் ஜோகூர். இந்த இரண்டு ஊரிலும் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பிடித்துக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள்.

நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. புக்கிட் பாத்தோக்கில் அம்மாவோடு இருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து டிசம்பர் விடுமுறையில் கொரியா போகத் திட்டம் போட்டார்கள். நானும் பேர் கொடுத்தேன். குளிர் உடை மட்டுமே விற்கிற கடைக்குப் போய், கண்ணாடி முன் நின்று, அந்தக் கோட்டை வாங்கினேன். புறப்படுவதற்கு முந்தைய வாரம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். நான் போகவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி வந்து, “நீதான் போகலையே, சும்மாதானே கிடக்கும்,” என்றாள். கோட்டின் விலைச்சீட்டைக் கிழித்துப் போட்டதே அவள்தான்.

அதோடு ஆரம்பித்தது. எங்கள் ஊரில் குளிர் உடை என்பது யாருக்கும் சொந்தமில்லாத சொத்து. வருடம் முழுக்க வெயில். எப்போதோ ஒரு முறை போகிற குளிர்த் தேசத்துக்காகக் கோட் வாங்குவது வீண் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரோ ஒரு ஏமாளி வாங்கி வைத்திருப்பாள், மற்றவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த ஏமாளி நான். என் வீட்டில் பாம் ஷெல்ட்டர் வேறு இருக்கிறது. போர் வந்தால் பதுங்குவதற்காகக் கனத்த சுவரும் இரும்புக் கதவும் வைத்து வீட்டுக்குள்ளேயே கட்டிக் கொடுத்திருக்கிற சின்ன அறை. போர் வராததால் எல்லாரும் அதில் அரிசி மூட்டையும் தீபாவளி விளக்கும் போட்டு வைத்திருக்கிறோம். ஃபேரர் பார்க்கில் இருக்கிற தம்பியின் வீடு பழைய கட்டடம், அங்கே இந்த அறை கிடையாது. ஆகவே அவன் குடும்பத்துக் கையுறை, காலுறை, குல்லாய் எல்லாம் ஒரு பெரிய பெட்டியில் அடைத்து என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ‘குளிர்ப் பெட்டி’ என்று அதற்குப் பெயர். ஜூன் வந்தாலும் டிசம்பர் வந்தாலும் சொந்தக்காரர்களுக்கு என் ஞாபகம் வந்துவிடும்.

வருகிறவர்கள் வெறுமனே வாங்கிக்கொண்டு போக மாட்டார்கள். என் அறைக்குள் போய், ஏர்கானைப் பதினாறில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, கோட்டைப் போட்டு நின்று பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, “போதும் லா, இது தாங்கும்,” என்று தீர்ப்புச் சொல்வார்கள். பதினாறு டிகிரியில் நின்று பார்த்துவிட்டுப் பனிமலைக்குப் புறப்படுகிற தைரியம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் உண்டு. போய் நடுங்கிவிட்டு வந்து, உன் கோட் சரியில்லை என்று என்னிடம் குறை சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

யாரும் துவைத்துத் தந்ததில்லை. திரும்பி வரும்போது பைக்குள் ஏதாவது கிடக்கும். புரியாத எழுத்தில் ஒரு ரயில் சீட்டு, கசங்கிய டிஷ்யூ, உருகி ஒட்டிக்கொண்ட சாக்லேட். ஜப்பானில் ஒரு பொத்தானைத் தொலைத்துவிட்டார்கள். தேக்கா சந்தையின் மேல்தளத்துத் தையல்கடையில் பச்சைப் பொத்தான் கிடைக்காமல் மண் நிறத்தில் ஒன்றை வாங்கித் தைத்தேன். அன்றிலிருந்து யார் படம் போட்டாலும் எனக்கு அந்தப் பொத்தான்தான் முதலில் கண்ணில் படும். பனியில் விழுந்து சிரிக்கிறார்கள், ஏரிக்கரையில் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நடுவில் என் மண் நிறப் பொத்தான்.

இந்த வருடம் அந்தக் கோட்டுக்குள் நான் இருப்பதாக ஏற்பாடு.

தம்பிக்கு ஒரே மகள். அவள் ஸ்காட்லாந்தில் படித்தாள். சிறுமியாக இருந்தபோது பள்ளி விட்டால் நேராக என் வீட்டுக்குத்தான் வருவாள். தம்பியும் அவன் மனைவியும் வேலை முடிந்து வருகிறவரை சோறு ஊட்டி, தலை பின்னி, வீட்டுப்பாடம் எழுத வைத்து அனுப்பியது நான். அவள் முதல்முறை விமானம் ஏறியபோது பெட்டி அடுக்கிக் கொடுத்ததும் நான். ஜூன் கடைசியில் அவளுக்குப் பட்டமளிப்பு விழா. பிப்ரவரியிலேயே கூப்பிட்டுவிட்டாள்.

“அத்தை, நீங்க கண்டிப்பா வரணும். நீங்க வரலைன்னா நான் மேடையே ஏற மாட்டேன்.”

“பாட்டியை யாரு பாத்துக்குவா?”

“அதெல்லாம் அரேஞ்ச் பண்ணலாம். எங்க ஃபிரெண்டோட பாட்டி ஒரு ஹோம்ல ரெண்டு வாரம் இருந்துட்டு வந்தாங்க. ஜாலியா இருந்தாங்களாம். அத்தை, இன்னொண்ணு. சம்மர்னு நம்பி காட்டன் மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க. இங்க சம்மர்லயே காத்து தூக்கிட்டுப் போயிடும். கோட் கொண்டு வாங்க லா.”

கோட் கொண்டு வாங்க என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லாம் கோட்டைக் கொடுங்க என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

தம்பியும் கூப்பிட்டான். “நீயும் வாக்கா. பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. டிக்கெட் எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ துணிமணியை மட்டும் பாரு.” அனுப்பினேன். டிக்கெட் பேச்சை அவனிடமே விட்டுவிட்டு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். முதியவர்களைச் சில வாரங்களுக்கு மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்தைத் தேடிப் பிடித்து, அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். அங்கே தமிழ் பேசுகிற தாதி ஒருத்தி இருந்தாள். அம்மா அவளிடம், ரசம் உண்டா என்று கேட்டாள். கேட்டால் வைத்துத் தருவோம் என்றாள் அந்தப் பெண். அம்மா தலையாட்டினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளே சொன்னாள். “போய்ட்டு வாடி. எத்தனை நாளைக்குத்தான் என்னையே காவல் காத்துக்கிட்டு இருப்பே?”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று பயந்துகொண்டிருந்தேன். பூசாரியே கொடுத்துவிட்டாள் என்று நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. அம்மாவை ஐம்பது வருடத்துக்கும் மேலாகத் தெரியும் எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போனேன். கம்பளிச் சால்வை விற்கிற கடைக்காரர் என்னை நன்றாக அறிந்தவர். குளிர்ப் பெட்டிக்காகப் பல முறை அவரிடம் வாங்கியிருக்கிறேன். சாம்பல் நிறத்தில் ஒன்றைப் பிரித்துக் காட்டி, “இந்தத் தடவை யாருக்குக்கா?” என்றார்.

“எனக்கு,” என்றேன்.

சொன்ன பிறகு இன்னொரு முறை சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் கேட்கவில்லை, ஆனாலும், “எனக்குத்தான், ஸ்காட்லாந்து போறேன்,” என்று சொல்லிவிட்டு வந்தேன். மேல்தளத்துக்குப் போய் விழாவுக்கு உடுத்தப்போகும் பட்டுச் சேலைக்கு முழுக்கை ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். உள்ளே தடித்த துணியாக லைனிங் வைக்கச் சொன்னேன். தையல்காரர், வெந்துடுவீங்க என்றார். இங்கே போட்டால்தானே வேகும் என்றேன். அன்று முழுக்க எனக்கு வாய் ஓயவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த சீனப் பாட்டியிடம்கூடச் சொன்னேன்.

பெட்டி அடுக்குவதில் நான் கெட்டிக்காரி. குடும்பமே சொல்லும். தடித்த துணியைச் சுருட்டி அடியில் வைக்க வேண்டும், மெல்லியதை மடித்து மேலே. காலணிக்குள் காலுறை. காலுறைக்குள் உடையக்கூடியது. பட்டுச் சேலையை மெல்லிய வேட்டித்துணியில் சுற்றினேன். உள்பாவாடைக்குள் போட்டுக்கொள்ள இறுக்கமான கம்பளிக் காற்சட்டை இரண்டு. இரண்டு நாள் அடுப்படியில் நின்று, தம்பி மகளுக்குப் பிடித்த இக்கான் பிலிஸ் என்கிற நெத்திலிக் கருவாட்டுச் சம்பலைத் தண்ணீர் சுண்டச் சுண்டக் கிளறி, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, தம்பியின் பழைய குல்லாய்க்குள் வைத்தேன். முறுக்கு ஒரு டப்பா. எத்தனையோ பேர் பெட்டியை அடுக்கியிருக்கிறேன், எல்லாவற்றிலும் அளவு தெரிந்து கை ஓடும். என் பெட்டியில் மட்டும் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். முடிக்க மனசில்லை.

ஒரு மாலை, எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். ஏர்கானைப் பதினாறில் வைத்து, கதவைச் சாத்தி, கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கடையில் போட்டுப் பார்த்ததற்குப் பிறகு அன்றுதான். தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. எத்தனை பேர் தோள் ஏறிய கோட். ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. கதவைத் திறந்து, “அம்மா, பாரு,” என்றேன்.

அம்மா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கட்டில்மேல் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“உனக்குப் பெரிசா இருக்கு,” என்றாள். பிறகு, “குளிர் தாங்குவியாடி?” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அந்தக் கேள்வியின் வயசு என் வயசுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். நாங்கள் அங்கேதான் இருந்தோம். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் மழையில் நனைந்து, நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்தேனாம். எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு நினைவிருந்தது. ‘அவளுக்குக் குளிர் ஒத்துக்காது’ என்ற வாக்கியம் அன்று பிறந்தது. பள்ளியில் நீச்சல் வகுப்புக்கு எல்லாரும் போனார்கள். எனக்குக் குளிர் ஒத்துக்காது. உயர்நிலைப் பள்ளியில் கேமரன் மலைக்கு அழைத்துப் போனார்கள். எனக்குக் குளிர் ஒத்துக்காது. அதெல்லாம்கூடப் போகட்டும். எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். பெண் பார்க்க வந்தவர் என்னிடம் தனியாகக் கொஞ்ச நேரம் பேசினார். அங்கே ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பது எப்படி இருக்கும் என்று சொன்னார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. தரகு பேசிய சொந்தக்காரரிடம் அம்மா சொல்லி அனுப்பிவிட்டாள், அவளுக்குக் குளிர் ஒத்துக்காது என்று. அப்போது அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தம்பி படித்துக்கொண்டிருந்தான். வீடு என் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதபடி ஒரு வாக்கியம்தான் தயாராக இருந்ததே.

பயணத்துக்கு முந்தைய சனிக்கிழமை மாலை தம்பி மனைவி வந்தாள். கையில் ஒரு பெரிய காலிப்பை. ஹாலில் தொடர் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நலம் விசாரித்துவிட்டு என் அறைக்குள் வந்தாள்.

“அண்ணி, அந்தப் பச்சைக் கோட் வேணும். எங்க அம்மாவுக்கு.”

“உங்க அம்மாவுக்கு எதுக்கு?”

“அவங்களும் வர்றாங்கல்ல. உங்க எடத்துலதான்…” அங்கேயே நின்றுவிட்டாள். பெட்டியைப் பார்த்துவிட்டாள். மூடப்படாத பெட்டி. மேலே மடித்து வைத்த கோட், அதற்குக் கீழே பட்டுச் சேலையின் ஓரம்.

“இது யாரோட பெட்டி அண்ணி?”

“என்னோடதுதான்.”

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “நீங்க வரலைன்னு சொன்னீங்களே.”

“யாரு சொன்னா?”

அவள் ஹால் பக்கம் பார்த்தாள். தொடரில் யாரோ யாரையோ அறைகிற சத்தம் கேட்டது.

“மாமிதான் சொன்னாங்க. போன மாசம் அவரு போன் பண்ணினப்ப. உங்களுக்குக் குளிர் ஒத்துக்காது, போக இஷ்டமே இல்ல, ஆனா தம்பி மனசு நோகும்னு வாயைத் தொறந்து சொல்ல மாட்டேங்கிறீங்கன்னு. அவகிட்ட இதைப் பத்திப் பேசாதீங்க, சங்கடப்படுவான்னு சொன்னாங்க. அதான் நாங்களும் பேசல அண்ணி.”

எனக்குக் கோபத்துக்கு முன்னால் ஒரு வியப்புதான் வந்தது. அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். ஆனால் இந்த வீட்டுக்கு எத்தனை கதவு உண்டு என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, சாவியையும் எடுத்து மடியில் முடிந்துகொண்டு தொடர் பார்க்க உட்கார்ந்திருக்கிறாள்.

தம்பியைக் கூப்பிட்டேன். அவன் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா சொன்னாங்களேக்கா. அம்மா சொல்றதை நான் எப்படி நம்பாம இருக்க முடியும்?”

“நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையாடா உனக்கு?”

“கேட்டா நீ சங்கடப்படுவேன்னாங்க. இப்ப டிக்கெட் எல்லாம் ஏறிடுச்சுக்கா. ஹால்ல உட்கார்றதுக்கும் மூணு பேருதான், பேரெல்லாம் கொடுத்தாச்சு. என் மாமியார் வேற எல்லாருகிட்டயும் சொல்லிட்டாங்க. அடுத்த தடவை லா. நாம ரெண்டு பேரும் தனியாவே போவோம்.”

அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அவனுக்கு வாழ்க்கையில் எப்போதும் பழம் நழுவிப் பாலில் விழுந்துகொண்டே இருக்கும். அக்கா வரவில்லை என்றால் அம்மாவைப் பற்றிய கவலையில்லை, மாமியாரையும் அழைத்துப் போகலாம், வீட்டில் மனைவிக்கும் சந்தோஷம். அப்படி ஒரு செய்தி காதில் விழுந்தால், உண்மையா என்று எந்த மடையன் விசாரிப்பான்? விசாரித்தால் பழம் திரும்ப மரத்துக்குப் போய்விடுமே.

நான் ஹாலுக்குப் போய்த் தொலைக்காட்சியை அணைத்தேன்.

“என்னம்மா சொல்லி வச்சிருக்கே தம்பிகிட்ட?”

அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “நான் என்ன பொய்யா சொன்னேன்? சின்ன வயசுல செம்பவாங்குல நீ கெடந்த கெடப்பு எனக்குத்தான் தெரியும். டாக்டரே கையை விரிச்சாரு.”

“அம்மா.”

கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு சின்னக் குரலில் சொன்னாள். “அந்த எடத்துல ராத்திரி ஆனா லைட்டை அணைச்சுடுவாங்களாம்டி. கூப்பிட்டா யாரு வருவா? நான் போக மாட்டேன்.”

இதை என்னிடம் சொல்லியிருக்கலாம். பயமாக இருக்கிறது, போகாதே என்று ஒரு வார்த்தை. நான் இருந்திருப்பேன். அழுதிருப்பேன், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருப்பேன், ஆனால் இருந்திருப்பேன். அது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. சொன்னால், அவளுக்காக நான் இருந்தேன் என்று ஆகிவிடும். எனக்கு ஒத்துக்காது என்று சொல்லிவிட்டால், நானே என் உடம்புக்காக வீட்டில் இருந்தவள். அவள் எனக்கு ஒன்றும் கடன்பட்டிருக்கத் தேவையில்லை. கேமரன் மலைக்கும் இங்கிலாந்துக்கும் நான் போகாமல் போனதும் அப்படித்தானே.

தனியாக ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். போக மாட்டேன் என்று அழுகிற கிழவியை நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் அந்த இல்லத்தில் விட்டுவிட்டு விமானம் ஏறுகிற மனசு எனக்கு இல்லை. இருந்திருந்தால் எப்போதோ ஜன்னலுக்கு வெளியே பனி பார்த்துக்கொண்டு டீ குடித்திருப்பேன்.

அறைக்குத் திரும்பினேன். தம்பி மனைவி இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பாவம், அவள் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது. எழுந்து என் கையைப் பிடித்து, “சாரி அண்ணி, சத்தியமா எங்களுக்குத் தெரியாது,” என்றாள். காலிப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

“அப்ப… கோட்டு அண்ணி?”

ஊரான் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே என்பார்கள். என் நெய்யை இத்தனை வருடம் யார் யாரோ அள்ளி ஊற்றியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“தர மாட்டேன்,” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. அந்தக் கோட்டை யாருக்கும் நான் இல்லை என்று சொன்னதே கிடையாது. “எங்க அம்மாவுக்கு வயசாயிடுச்சு அண்ணி. அங்க காத்து…”

“கடையில விக்குது.”

“ஒரு கோட்டுக்காகவா அண்ணி இவ்வளவு கோவம்?”

“ஆமா,” என்றேன். வேறு என்ன சொல்ல? இந்தக் கதை முழுவதையும் சொன்னாலும் அவள் கடைசியில் அதையேதான் கேட்பாள்.

பெட்டியிலிருந்து சம்பலையும் முறுக்கு டப்பாவையும் எடுத்து அவள் பையில் வைத்தேன். “சம்பலைச் சட்டைக்கு நடுவுல வை. இல்லன்னா நசுங்கிடும்.” அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாளே செய்தி பரவிவிட்டது. ஒரு வயசான அம்மாவுக்குக் கோட் கொடுக்கவில்லை, கல்யாணம் காட்சி இல்லாமல் இருந்தால் மனசு இப்படித்தான் கல்லாகிவிடும் என்று ஒரு சித்தி சொன்னதாகக் காதில் விழுந்தது. அந்தச் சித்தி அந்தக் கோட்டில் ஜப்பான் போனவள். பொத்தானைத் தொலைத்தவள்.

தம்பி மகள் குரல் செய்தி அனுப்பினாள். “அத்தை, அப்பா சொன்னாரு. உங்களுக்கு இந்தக் குளிர் ஒத்துக்காதுன்னு எனக்குத் தெரியாம போச்சு, சாரி அத்தை. நான்தான் ஃபோர்ஸ் பண்ணிட்டேன். உடம்பு முக்கியம். லைவ்ல பாருங்க, ஓகே?”

ஆக, உண்மை தெரிந்த பிறகும் தம்பி அதே வாக்கியத்தைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறான். மாற்றிச் சொல்ல அவனுக்கு என்ன தலையெழுத்து. என்னைப் போன்ற ஒருத்தியை விளக்க அது ஒன்றே போதும், அடுத்த தலைமுறைக்கும் செல்லும். நான் அவளுக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன். பட்டம் வாங்கப்போகிற பிள்ளையை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று அழித்துவிட்டு, ‘பார்க்கிறேன் கண்ணு’ என்று மட்டும் அனுப்பினேன்.

பெட்டியை நான் பிரிக்கவில்லை. ஒரு வாரம் அது கட்டில் பக்கத்தில் அப்படியே இருந்தது. அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் வைத்ததைச் சாப்பிட்டாள், கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். ஒரு முறை, “ரசம் நல்லாருக்கு,” என்றாள். சமாதானக் கொடி காட்டுகிறாள் என்று தெரிந்தது.

விழா அங்கே காலையில். எங்களுக்கு மாலை, விளக்கு வைக்கிற நேரம். நான் குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தேன். கம்பளிக் காற்சட்டை போட்டு, அதன்மேல் பட்டுச் சேலையைக் கட்டினேன். லைனிங் வைத்த முழுக்கை ரவிக்கை கையைப் பிடித்தது. காலுறை போட்டேன். கடைசியில் கோட். மண் நிறப் பொத்தானையும் சேர்த்து எல்லாப் பொத்தானையும் மாட்டினேன். பிறகு அம்மாவின் சக்கர நாற்காலியை என் அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்து, கணினிக்கு முன்னால் என் பக்கத்தில் நிறுத்தினேன். ஜன்னலை அடைத்துக் கதவைச் சாத்தினேன். ஏர்கானைப் பதினாறில் வைத்தேன்.

“எதுக்குடி இந்தக் கோலம்?” என்றாள் அம்மா.

“பேத்திக்குப் பட்டம் கொடுக்கறாங்க. பாரு.”

பெரிய கல் மண்டபம். வரிசை வரிசையாகப் பிள்ளைகள். வெகுநேரம் யார் யாருக்கோ கை தட்டினார்கள். பிறகு அவள் பேர் வந்தது. கறுப்பு அங்கி, உள்ளே நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தனுப்பிய மாம்பழ நிறச் சேலை. படியேறும்போது ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அது நான் சொல்லிக் கொடுத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கணம் கூட்டத்தைக் காட்டினார்கள். தம்பி கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் அவன் மாமியார், புதிதாக வாங்கிய ஊதா நிறக் கோட்டில், ஒரு நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார்.

“குளிருதுடி,” என்றாள் அம்மா.

தேக்காவில் வாங்கிய சாம்பல் நிறச் சால்வை பெட்டியில் பிரிக்காமல் கிடந்தது. எடுத்து உதறி அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினேன். காதை மூடினேன். கால்மேல் ஒரு போர்வையையும் போட்டேன். அவள் விரல்களைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தன. என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டேன்.

அம்மா என்னை, கோட்டை, பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் பதில் வேண்டும் என்று அதைக் கேட்டாள்.

“உனக்குக் குளிரலையாடி?”

“இல்லம்மா,” என்றேன். “எனக்கு நல்லா ஒத்துக்குது.”

அம்மா சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு ஏர்கான் ரிமோட்டைக் கண்ணால் தேடினாள். அது என் கோட்டுப் பைக்குள் இருந்தது.